மலையேறும் எக்ஸ்ரே

உலகில் ஒரே கிருமியால் அதிக உயிர்களைப் பறிக்கும் தொற்றுநோய் காசநோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் ஒரு கோடியே 8 லட்சம் பேரை அது புதிதாகப் பீடித்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் இருந்தவர்கள். கிருமியைக் கொல்லும் மருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் சாவு தொடர்வதற்கு, நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது ஒரு பெரிய காரணம். அந்தத் தாமதத்தைக் குறைக்கும் நோக்கில்தான் மார்பு எக்ஸ்ரே படத்தைத் தானே பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. 2024 டிசம்பர் 7-இல் நாட்டின் 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையடக்க எக்ஸ்ரே கருவியும் இந்த மென்பொருளும் சேர்ந்தே ஊர்களுக்குப் போயின.

இப்படிப்பட்ட கருவியால் எங்கே அதிகப் பயன் இருக்கும் என்று பார்த்தால், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டம் உடனே நினைவுக்கு வரும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் செயல்படத் தொடங்கிய இளைய மாவட்டம் அது. சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக கல்வராயன் மலை நிற்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம் அது. மரவள்ளியும் சிறுதானியமும் விளையும் இந்த மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழ். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின், பிடியில் இருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளிக்குக் கிடைத்த காலத்தில் இங்கே கிடைக்காமல் போனதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, அந்தப் பழைய குறைகள் மறுபடியும் பேசப்பட்டன.

காசநோய் பரவ வாய்ப்பான சூழல்கள் இத்தகைய மலைகளில் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. சத்தான உணவு குறைந்த உடலில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. மிதமிஞ்சிய குடிப்பழக்கமும் அதே அளவுக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. விறகடுப்புப் புகை, காற்று புகாத சிறு வீடு, வேலை தேடி வெளி மாநிலங்களுக்குப் போய் நெருக்கமான கொட்டகைகளில் தங்குவது ஆகியவையும் சேர்கின்றன. மலை ஊர் ஒன்றிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். மறுநாள் முடிவு வாங்க வரச் சொன்னால் இரண்டு நாள் கூலி. இருமலோடு இருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது.

எக்ஸ்ரே படத்தில் என்ன தெரிகிறது என்பதை முதலில் பார்க்கலாம். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாக விழும். எலும்பு, நீர், தசை ஆகியவை வெளுத்துத் தெரியும். நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்புவதால் கறுப்பாக இருக்கவேண்டிய ஓர் இடம் வெண்மையாக மாறிவிடும். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தொடங்குகிறது. சிறு புள்ளிகள், திட்டுகள், திசு அரித்துப் போன குழிகள், சில சமயம் நுரையீரலைச் சுற்றி நீர்க்கோப்பு என்று அதன் தடயங்கள் பலவிதம். விலா எலும்பும் காறை எலும்பும் இதயமும் இவற்றை மறைத்துக்கொண்டிருக்கும். ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு முடிவு சொல்வது மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. காலையில் ஒன்று சொன்ன அதே மருத்துவர் நூறு படங்களுக்குப் பிறகு மாலையில் வேறொன்று சொல்வதும் உண்டு. அதுவும் படிப்பதற்கு ஆள் இருந்தால்தான்; கதிரியக்க மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள்.

படம் பார்ப்பது இவ்வளவு முக்கியமா என்ற கேள்விக்கு 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்ப் பரவல் ஆய்வு பதில் தந்தது. அதை முன்னின்று நடத்தியது சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம்தான், காசநோயாளி சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை 1959-இல் உலகுக்கு நிரூபித்தது. அதன் பரவல் ஆய்வில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். இரண்டு வார இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று கேட்டுக் கேட்டு நோயாளியைத் தேடும் பழைய முறையில் அவர்கள் அகப்பட்டிருக்கமாட்டார்கள். கிருமி உள்ளே இருந்தும் அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மென்பொருள் படத்தைப் படிக்கக் கற்கும் விதம் இதுதான். லட்சக்கணக்கான எக்ஸ்ரே படங்கள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற குறிப்போடு அதற்குத் தரப்படும். கணினிக்கு ஒரு படம் என்பது கறுப்பிலிருந்து வெளுப்பு வரையிலான எண்களின் அடுக்கு. முதலில் விளிம்புகளையும் கோடுகளையும், பிறகு வட்டங்களையும் திட்டுகளையும், கடைசியில் நோயின் சாயலையும் பிரித்தறியும் வகையில் அந்த எண்களை அது அடுக்கடுக்காகக் கணக்கிடுகிறது. தவறாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் உள்ளேயுள்ள கணக்கு சிறிது திருத்தப்படும். கோடிக்கணக்கான திருத்தங்களுக்குப் பிறகு, முன்பின் பாராத படத்தைக் கொடுத்தாலும் ஒரு மதிப்பெண் போடும் நிலைக்கு அது வருகிறது. எந்த இடத்தைப் பார்த்து அந்த மதிப்பெண் போட்டது என்பதைப் படத்தின்மீது நிறம் பூசியும் காட்டும். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. சில மென்பொருள்கள் இணையம் இல்லாமல் மடிக்கணினியிலேயே இயங்கும். செல்போன் சிக்னல் வந்து வந்து போகும் மலையில் இது சிறிய வசதி அன்று.

கருவியும் சுருங்கிவிட்டது. சுவரோடு பொருத்திய பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு கேமரா அளவில், பேட்டரியில் இயங்கும் எக்ஸ்ரே வந்திருக்கிறது. ஃபூஜிஃபிலிம் நிறுவனத்தின் ஒரு வகை 3.5 கிலோ எடைதான். முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஜீப் போகாத ஊருக்கும் நடந்து போகலாம். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடல் பெறும் கதிர்வீச்சு, இயற்கையில் எல்லோர் மேலும் படும் கதிர்வீச்சில் ஏறக்குறைய பத்து நாள் அளவு. ஆகவே ஊர்த் திடலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதில், உரிய பாதுகாப்போடு செய்தால், அஞ்ச ஒன்றுமில்லை.

இவற்றின் திறனைச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது வங்கதேசத்தின் டாக்காவில் நடந்தது. 2021-இல் 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வெளியான அதில் 23,954 பேரின் படங்களை ஐந்து மென்பொருள்களும் மூன்று கதிரியக்க மருத்துவர்களும் தனித்தனியே படித்தார்கள். எல்லோருக்கும் சளிப் பரிசோதனையும் செய்யப்பட்டதால் உண்மை எது என்பது தெரிந்திருந்தது. ஐந்து மென்பொருள்களுமே மருத்துவர்களைவிட மேலாகச் செய்தன. மும்பையில் உருவான கியூஎக்ஸ்ஆர் மென்பொருள் முன்னணியில் நின்றவற்றில் ஒன்று. அதே 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் காசநோயைச் சலித்தெடுக்க, படம் படிக்கும் மருத்துவருக்குப் பதிலாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இந்தியாவில் காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமும் டீப்சிஎக்ஸ்ஆர் என்ற மென்பொருளை அரசுப் பயன்பாட்டுக்காக உருவாக்கியிருக்கிறது.

சலித்தெடுப்பது என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மென்பொருள் நோயை உறுதி செய்வதில்லை. யாருடைய சளியைச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆயிரம் பேருக்குப் படம் எடுப்பதாகவும் அவர்களில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகவும் கொள்ளலாம். இத்தகைய முதல்கட்டச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறைந்தபட்ச அளவுகோல்படி நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரை மென்பொருள் பிடிக்க வேண்டும், நோயற்றவர்களில் 70 சதவீதத்தினரைச் சரியாக விலக்க வேண்டும். அப்படியானால் பத்தில் ஒன்பது பேரை அது பிடிக்கும். கூடவே நோயற்ற 990 பேரில் 297 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். மொத்தம் 306 பேரின் சளியைச் சோதித்தால் ஒன்பது நோயாளிகள் கிடைப்பார்கள். ஆயிரம் பேரையும் சோதிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மென்பொருள் 'சந்தேகம்' என்று சொன்னதையே நோய் என்று எடுத்துக்கொண்டு ஊரில் பெயர் வெளியே போனால், 297 குடும்பங்களுக்கு வீண் அவப்பெயர். சிறிய மலை ஊரில் அந்தப் பெயர் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும்.

எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சந்தேகம் என்று கொள்வது என்பதும் மனிதர்கள் எடுக்கும் முடிவுதான். வரம்பை உயர்த்தினால் சளிப் பரிசோதனைச் செலவு குறையும், தப்பிப்போகும் நோயாளிகள் கூடுவார்கள். தாழ்த்தினால் எதிர்மாறாக நடக்கும். டாக்காவில் சரியாக இருந்த வரம்பு கல்வராயனில் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. அந்தந்த ஊர் மக்களிடம் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தே அதை நிர்ணயிக்க வேண்டும். அவசரத்தில் கைவிடப்படும் வேலைகளில் இது முதலில் நிற்பது கவலைக்குரியது.

மென்பொருள் தடுமாறும் இடங்களும் தெரிந்தவையே. டாக்கா ஆய்விலேயே முதியவர்களிடமும் முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடமும் அதன் துல்லியம் குறைந்தது. ஆறிய நோயின் தழும்பும் புதிய நோயும் படத்தில் ஒத்திருக்கும். கல்குவாரியில் பல ஆண்டு வேலை செய்தவரின் நுரையீரலில் படிந்த மண்துகளும் காசநோய் போலவே தோன்றும். இவர்களிடம் 'முன்பு மருந்து சாப்பிட்டதுண்டா, என்ன வேலை பார்த்தீர்கள்' என்று ஒருவர் கேட்டறிந்தால்தான் படத்துக்குப் பொருள் கிடைக்கும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நிமோனியாவைக் கண்டறியப் பழக்கப்பட்ட ஒரு மென்பொருளைப் பற்றி அமெரிக்காவில் 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. எந்த மருத்துவமனையில் எடுத்த படம் என்பதை அந்த மென்பொருள் மிகச் சரியாக அடையாளம் கண்டுகொண்டிருந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகள் அதிகம், மற்றதில் குறைவு என்பதால், நுரையீரலைப் பார்ப்பதற்குப் பதிலாக மருத்துவமனையின் தடயத்தை வைத்தும் அது விடை சொல்லிக்கொண்டிருந்தது. வேறு இடத்துப் படங்களைக் கொடுத்தபோது மதிப்பெண் சரிந்தது. கொரோனா காலத்தில் இதே தவறு பெரிய அளவில் நடந்தது. படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டறிவதாகச் சொன்ன 2,212 ஆய்வுகளைத் திரட்டிச் சலித்து, அவற்றில் 62-ஐ முழுமையாக ஆராய்ந்த ஒரு குழு, மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை என்று 2021-இல் முடிவு சொன்னது. காசநோய் மென்பொருள்கள் அந்த நிலையைத் தாண்டி வந்தவை. ஆனாலும் புதிதாக ஒன்று வரும்போது அது எந்த மக்களின் படங்களில் பழகியது, வெளியார் யாராவது சோதித்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் மலைக்குக் கொண்டுபோவது சரியாகாது.

காசநோய்க்குப் பழகிய மென்பொருளுக்கு மற்ற நுரையீரல் தொற்றுகளைப் பற்றிய அறிவு குறைவு. வட தமிழகத்தில் மழைக்காலத்தை ஒட்டிக் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் கடியால் வருவது. முற்றினால் இரு நுரையீரல்களிலும் பரவி மூச்சுத் திணற வைக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவுவது, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டதைப் போலக் கறுத்து நிற்கும் கடித்தழும்பு. நோயாளியின் உடையை விலக்கிப் பொறுமையாகத் தேடும் மருத்துவருக்கே அது அகப்படும். நேரத்தில் அறிந்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை காப்பாற்றிவிடும். குழந்தைகளின் நிமோனியாவுக்கும் எக்ஸ்ரேக்கு முன்பே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-ஐயும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ஐயும் எட்டினால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் நிலைமை மோசம், தாமதிக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் ஒருவரால் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட முடியும்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தவரின் சளி அடுத்து மூலக்கூறு பரிசோதனைக்குப் போக வேண்டும். கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறைக்கு ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரம் கிருமிகளாவது இருந்தாக வேண்டும். கிருமியின் மரபணுவையே பெருக்கிக் காட்டும் சிபிநாட் கருவிக்கு நூற்றைம்பதுக்கும் குறைவாக இருந்தாலும் போதும். கோவாவைச் சேர்ந்த நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் இயங்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் தொடர்ந்து சொல்லிவிடும். எக்ஸ்ரே மலையேறி, சளிப் பரிசோதனை அடிவாரத்திலேயே நின்றுவிட்டால், பழைய இரண்டு நாள் கூலிக் கணக்கு மறுபடியும் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வண்டியில், ஒரே நாளில் போவதுதான் பொருத்தம்.

நோய் கண்டுபிடித்த பிறகும் ஆபத்து உடனே விலகிவிடுவதில்லை. காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது. இந்த இடத்தில் தமிழ்நாடு செய்திருக்கும் வேலை நாடு முழுவதும் கவனிக்கத்தக்கது. 2022-இல் தொடங்கிய 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரிடமும் சில எளிய அளவுகளை எடுக்கச் சொல்கிறது. உயரமும் எடையும் பார்க்கப்படும். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோகூட இல்லை என்பது அதன் பொருள். 16 அல்லது அதற்குக் கீழே இருந்து காலில் வீக்கமும் இருந்தால் அதுவும் ஆபத்து. நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, 94 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜன், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடியாமை ஆகியவை மற்றவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் கடும் நோயாளி. மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர். நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் இப்படி இருக்கிறார்கள்.

சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இந்த அளவுகளைப் பதிவுசெய்ய 'டிபி சேவா' என்ற இணையச் செயலியை உருவாக்கியது. 2022 ஜூலை முதல் ஓராண்டில் அரசு மருத்துவ நிலையங்களில் நோய் கண்டறியப்பட்ட கிட்டத்தட்ட 56,000 பேரின் தகவல்களைக் கொண்டு, ஒரு நோயாளி இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் மாதிரியையும் அது அமைத்தது. 2025 ஜூனில் அந்தக் கணிப்பு செயலிக்குள் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் தமிழ்நாடு. எடை, மூச்சு, ஆக்சிஜன் ஆகியவற்றைச் செவிலியர் பதிந்தவுடன் சதவீதம் திரையில் வரும். கடும் நோயாளிகளுக்கு அது 10 முதல் 50 வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரைதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருமிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவருக்கு இன்றே படுக்கை வேண்டும் என்பதை அந்த எண் ஊழியருக்கு உறைக்கச் செய்கிறது. எக்ஸ்ரே மென்பொருளில் உள்ள பெரிய கணக்கு வலை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எடைக்கருவி, ஆக்சிஜன் அளவி, எண்ணத் தெரிந்த ஒரு கை, இவை போதும். உயிரைக் காக்கும் விஷயத்தில், படத்தைப் படிக்கும் நுட்பமான மென்பொருளைவிட இந்த எளிய கணிப்புக்கே மலை மாவட்டங்களில் முதலிடம் தரத் தோன்றுகிறது.

எண் திரையில் வந்த பிறகு படுக்கையும் ஆக்சிஜனும் உணவும் இருக்க வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், சத்துணவு பெற்று முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிக்கு அரசு மாதந்தோறும் தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இடையில் வேலைக்காக வெளி மாநிலம் போகிறவர் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. காசநோயாளிகளைப் பதிவுசெய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் அவருடைய பதிவு எண் இருப்பதால், சொல்லிவிட்டுப் போனால் போகும் ஊரின் அரசு மருத்துவமனையில் தொடரலாம்.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் சோதனை உண்டு, மென்பொருளின் 'இல்லை' என்ற விடை பயன்படுவதும் அங்கேதான். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தடுப்பு மருந்து கொடுக்க முடியும்; நோய் உள்ளவருக்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்கு அசையாததாக மாறிவிடக்கூடும். ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கு அறிகுறி கேட்டு, வசதி இருக்கும் இடங்களில் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டிலும் சந்தேகம் இல்லையென்றால் ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட் மாத்திரையோ, அல்லது அதோடு ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை என்று பன்னிரண்டு வாரமோ தரப்படுகிறது.